சங்கிலியைக் கூப்பிட்ட குரல்

என் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டுத்தான் என் அப்பா அவள்மேல் ஆசைப்பட்டார். அப்போது அம்மா அந்த ஊருக்கே வந்திருக்கவில்லை, அப்படி ஓர் ஊர் இருப்பதும் அவளுக்குத் தெரியாது, அவர் முகத்தை அவளும் அவள் முகத்தை அவரும் பார்ப்பதற்கு இன்னும் பல கோடைகள் பாக்கியிருந்தன. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆமைக்குன்றுக்காரர்கள் அப்படிப் பார்க்கமாட்டார்கள். "ஆமா, அப்படித்தான்" என்று வெற்றிலையை மடித்து வாய்க்குள் தள்ளிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

ஆமைக்குன்று என்று பெயர்தானே ஒழிய, குன்று என்று அங்கே எதுவும் மிச்சமில்லை. ஆமை கவிழ்ந்து படுத்ததுபோல் ஒரு காலத்தில் கிடந்த பாறையை, முதலில் முதுகை உடைத்து, பிறகு வயிற்றைத் தோண்டி, கடைசியில் அது படுத்திருந்த தடத்தையும் தோண்டி, ஊர் ரோடுகளுக்கும் ஊர்ப் பாலங்களுக்கும் வாரி அனுப்பியபின் மிஞ்சியது ஒரு பள்ளம். குவாரி என்று யாரும் சொல்லமாட்டார்கள். பள்ளம். பள்ளத்துக்குப் போறேன், பள்ளத்திலிருந்து வர்றேன். உள்ளே இறங்கிக் கத்தினால் எதிர்ப்பாறை அதையே திருப்பிச் சொல்லும், எல்லாப் பள்ளமும் சொல்கிற மாதிரி.

ஒரு பங்குனி மாதம், பாறையில் ஒரு பெரிய பத்தையை வெடி வைத்துச் சாய்த்த மறுநாள், முற்பகல் வெயிலில் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் காதில் "டீ வந்திருச்சேய்" என்ற சத்தம் விழுந்தது. டீக்கடைச் சின்னக்காளையின் குரல். சம்மட்டியைப் போட்டுவிட்டு எல்லாரும் மேலே ஏறினால் சின்னக்காளையைக் காணோம். கடையில் போய்ப் பார்த்தால் அவர் அப்போதுதான் அடுப்பில் பாலை வைத்திருந்தார். நம்பாமல் திரும்பிப்போய் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால், சற்று நேரம் கழித்து அவர் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து, விளிம்பில் நின்று, வழக்கம்போல் அடிவயிற்றிலிருந்து "டீ வந்திருச்சேய்" என்று கூவினார். எதிர்ப்பாறை சும்மா இருந்தது. எதிரொலிதான் முன்னாலேயே வந்துபோய்விட்டதே.

அதிசயம் அவ்வளவுதான். ஏன் அப்படி ஆனது என்று கொஞ்சநாள் பேசினார்கள். பிறகு டீ ஆறிப்போகாமல் குடிப்பதற்கு அது வசதி என்று கண்டுகொண்டு, பேச்சை விட்டுவிட்டார்கள்.

பள்ளத்துக்கென்று சில நியாயங்கள் இருந்தன, அவற்றை ஊர் மெல்லமெல்லத் தெரிந்துகொண்டது. மனிதக் குரலை மட்டும்தான் அது முந்திச் சொல்லும், இரும்புச் சத்தத்தையோ மாட்டுச் சத்தத்தையோ சீந்தாது. இலேசான பேச்சு கொஞ்ச நேரம் முந்தி வரும். கனத்த பேச்சு மாசக்கணக்கில், வருசக்கணக்கில் முந்தி வரும். வந்தது பொய்க்காது. முதலாளி ஜீப்பிலிருந்து இறங்கி "என்னய்யா, எல்லாரும் தூங்குறீங்களா" என்று கத்தப்போவது முந்தியே கேட்டுவிடுவதால் அவர் வருகிற நேரத்தில் ஒருவரும் தூங்கமாட்டார்கள். ஆனாலும் பள்ளம் சொன்னதைச் சொல்லித்தானே ஆகவேண்டும் என்று, அவர் பாட்டுக்கு வேர்வையில் ஊறி நிற்கிற ஆட்களைப் பார்த்து அதையே கத்திவிட்டுப் போவார். ஜல்லி உடைக்கிற பெண்கள் இரண்டு பேர் சண்டை போடப்போவது மூன்று நாள் முந்திக் கேட்டுவிடும். அதற்குள் இருவருக்கும் கோபம் ஆறி, ஒருத்தி வீட்டுக் குழம்பு இன்னொருத்தி வீட்டுக்குப் போயிருக்கும். என்றாலும் நாள் வந்ததும் எதிரெதிரே நின்று, மறந்த இடத்தில் ஒருத்திக்கு ஒருத்தி எடுத்துக்கொடுத்து, "உன் வாய் அழுகிப்போக" வரைக்கும் முழுசாக ஏசி முடித்து, சேலையை உதறிக்கொண்டு டீ குடிக்கப் போவார்கள். ஒருவர் தன் மச்சானைத் தான் ஏசுவதைக் கேட்டுப் பதறி, துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்தார்; சாயங்காலம் தண்ணீர் குடிக்கத் துண்டை அவிழ்த்த நேரம் குளவி கொட்டியது, பக்கத்தில் மச்சான் நின்றார், சொல்லிவிட்டார். பள்ளம் சொன்னால் சொன்னதுதான்.

பெண் கேட்டு வருகிறவர்களைப் பள்ளத்தங்கரையில் உட்காரவைத்துப் பேசுவது வழக்கமானது. முந்தின வாரமே போய்க் காதைக் கொடுத்து, "சரி" என்று கேட்டால் பலகாரம் சுட்டார்கள், கேட்காவிட்டால் வெறும் காப்பியோடு நிறுத்திக்கொண்டார்கள். குறி சொல்லிப் பிழைத்த பூசாரி அரியமுத்துவுக்குத்தான் நஷ்டம். "கல்லுக்குப் பொறந்த பள்ளம் எம் பொழப்புல மண்ணைப் போட்டுச்சு" என்று ஒரு நாள் உள்ளே இறங்கித் திட்டினார். அது அமாவாசைக்கே கேட்டுவிட்டது என்று சொல்லிச் சிரித்தார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் ஊர் தன் பழக்கத்தை மாற்றவேண்டியிருந்தது. வெடிக்குத் திரி பற்றவைக்கும் முன்னால் கரையில் ஒருவர் நின்று "வெடீ" என்று மூன்று தரம் கூவுவார், எல்லாரும் மேலேறிவிடுவார்கள். எதிரொலி முந்திக்கொண்டபிறகு அந்தக் கூவல் எந்த நேரத்துக்கு உரியது என்று தெரியாமல் போய், வீணாக ஓடி, ஓடி அலுத்து, கடைசியில் எந்தச் சத்தத்துக்கும் ஓடாதவர்கள் ஆனார்கள். உள்ளே என்ன சத்தம் கேட்டாலும், "அது வர்ற சத்தம், இன்னும் நேரம் கெடக்கு" என்று பீடியைப் பற்றவைத்துக்கொள்வார்கள். அதனால் மேஸ்திரி வேலாண்டி ஒரு தண்டவாளத் துண்டைக் கொண்டுவந்து எதிர்க்கரைப் புளியமரத்தில் கட்டித் தொங்கவிட்டார். அதை அடித்தால்தான் ஓடவேண்டும். இரும்பு பொய் சொல்லாது, அவசரமும் படாது.

திரி பற்றவைக்கிற ஆள்தான் என் அப்பா. சங்கிலி என்று பெயர். தாய் தகப்பன் யாரென்று தெரியாது. எங்கேயோ வேலைக்கு வந்த கூட்டம் விட்டுப்போன பிள்ளை, மேஸ்திரியின் கொட்டகையில் கிடந்து வளர்ந்தவர். ஊரில் அவரை "டேய்" என்பார்கள், "இவனே" என்பார்கள், "திரிக்காரா" என்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

ஒரு நாள் மத்தியானம், எல்லாரும் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எதிர்ப்பாறையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"சங்கிலீ..."

அந்த 'லீ' நீண்டு நீண்டு, மேலே போய், நுனியில் பிளந்து, இற்றுப்போனது. சாவு வீட்டு வாசலில் வந்து இறங்குகிறவள் கடைசியாகக் கூப்பிடுவாளே, அப்படி. சோற்றில் வைத்த கையை யாரும் எடுக்கவில்லை. பிறகு எல்லாரும் சேர்ந்தாற்போல் எழுந்து, வாளிகளை விட்டது விட்டபடி மேலே ஏறி ஓடிவந்துவிட்டார்கள். அப்பா மட்டும் சற்றுப் பிந்தி ஏறிவந்தார். ஏன் பிந்தினார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"எழவுச் சத்தம்" என்றார் பூசாரி. இந்த ஒரு விஷயத்தில் பள்ளமும் தானும் ஒத்துப்போனதில் அவருக்கு ஒரு நிம்மதி. "எவளோ ஒருத்தி இந்தப் பள்ளத்துல நின்னு இவன் பேரைச் சொல்லி அலறப்போறா. அன்னிக்கு இவன் கதை முடிஞ்சுது."

"எவ அவ?" என்றார் மேஸ்திரி.

அதுதான் தெரியவில்லை. ஊர்ப்பெண்கள் எல்லாரையும் பஸ் நிறுத்தத்தில் வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு தரம் கூப்பிடச் சொன்னார்கள். கிழவிகள் கூப்பிட்டார்கள், சின்னக்காளையின் பெண்சாதி கூப்பிட்டாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேண்டுமென்றே இரண்டு தரம் கூப்பிட்டார்கள். எதுவும் அந்தக் குரல் இல்லை. அப்படியானால் அவள் இனிமேல்தான் வரவேண்டும். அன்றிலிருந்து ஆமைக்குன்றுக்கு எந்தப் பெண் புதிதாக வந்தாலும், கட்டிக்கொண்டு வந்தாலும் கல்லுடைக்க வந்தாலும், பஸ்ஸை விட்டு இறங்கியதும் "சங்கிலீ" என்று வாய்விட்டு ஒரு தரம் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் ஊருக்குள் நுழையவேண்டும் என்று ஆனது. மாலையும் கழுத்துமாக வந்து இறங்குகிற புதுப்பெண்கள் அது இந்த ஊர்க் காவல்தெய்வம்போல என்று எண்ணி, கும்பிட்டுக்கொண்டே கூப்பிட்டார்கள். ஒருத்தி சூடமே ஏற்றிவிட்டாள். அந்தத் தெய்வம் பக்கத்துப் பெட்டிக்கடையின் மறைவில் நின்று, வெட்கத்தால் கழுத்துவரை சிவந்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கும். கேட்டு, இல்லை என்று தலையை ஆட்டும். உடனே மேளம் கொட்டும்.

ஊர் அவருக்குப் பெண் கொடுக்கவில்லை. வெடிக்குழி அடிக்கும்போது பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. நாளைக்குச் சாகப்போகிறவனுக்குக் கொடுக்கிற மரியாதையோடு டீயை மட்டும் முதலில் கொடுத்தார்கள்.

ஆனால் ஊர் கேட்டது ஒன்று, அப்பா கேட்டது ஒன்று. பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் வளர்ந்தவர் அவர். உலகத்தில் எங்கேயோ ஒருத்தி இருக்கிறாள், இப்போது சோறு பொங்கிக்கொண்டிருப்பாள், அல்லது தலை வாரிக்கொண்டிருப்பாள், அவளுக்குத் தான் இன்னும் யாருமில்லை, ஆனால் ஒரு நாள் வயிறு பற்றியெரிந்து கூப்பிடுகிற அளவுக்கு அவளுக்குத் தான் வேண்டியவன் ஆகப்போகிறோம் என்பதை அவர் வெயிலில் நின்று யோசித்தார், மழையில் ஒண்டி யோசித்தார், திரியைக் கிள்ளிப் பற்றவைத்துவிட்டு ஏறிவருகிற பொழுதில் யோசித்தார். சாவைப் பற்றியும் யோசித்தார். அது எல்லாருக்கும் வருவது. இப்படி ஒரு கூப்பாடு எல்லாருக்குமா வருகிறது?

அம்மா வந்த அன்று மேஸ்திரிக்குப் பல்வலி. துண்டைக் கன்னத்தோடு கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். கையில் ஒரு பையும் பைக்குள் சொந்தச் சுத்தியலுமாக இறங்கினாள் பூரணம். அவள் வேலை செய்த கல்லுப்பட்டறையை மூடிவிட்டார்கள். அண்ணன் வீட்டுக் கதவு அதற்கு முன்பே மூடியிருந்தது.

"சங்கிலின்னு ஒரு தரம் கூப்பிடாத்தா" என்றார் மேஸ்திரி.

"யாரு அது? உங்க ஊரு சாமியா?"

"சாமியுமில்ல பூதமுமில்ல. அந்தா கடைக்குப் பின்னாடி நிக்கிறானே, அவன்தான்."

அம்மா எட்டிப் பார்த்தாள். "கண்ணுக்கு முன்னாடி நிக்கிற ஆளை எதுக்குக் கத்திக் கூப்பிடணும்? ஏங்க, இங்க வாங்கன்னா வரமாட்டாரா?"

"எனக்குப் பல்லு வலிக்குது. கூப்பிட்டுத் தொலை."

அவள் சிரித்துக்கொண்டேதான் கூப்பிட்டாள். சிரிப்பு உள்ளே இருந்தும், வெயிலும் பஸ் இரைச்சலும் நடுவே இருந்தும், அந்த 'லீ' மேலே போய் நுனியில் பிளந்தது.

பெட்டிக்கடைக்காரர் கையிலிருந்த சோடாப் பாட்டில் நழுவியது. மேஸ்திரி பல்வலியை மறந்து கன்னத்துத் துண்டை அவிழ்த்தார். "ஏத்தா, திரும்பி ஏறு. வந்த பஸ்ஸிலயே ஏறு. கண்டக்டரே, நிறுத்துங்க, ஆள் இருக்கு!"

"ஏறுறாங்களா, இல்லையா?" என்றார் கண்டக்டர் விசிலை வாயருகில் வைத்துக்கொண்டு.

அப்பா கடை மறைவிலிருந்து வெளியே வந்தார். "ஏறலைங்க. நீங்க போங்க."

பஸ் போய்விட்டது.

"ஏண்டா, எமனுக்கு நீயே பாய் விரிக்கிறியா?" என்றார் மேஸ்திரி.

"எமன் எருமையிலதான வருவான் மேஸ்திரி? இது பஸ்ஸில டிக்கெட் எடுத்து வந்திருக்கு."

சின்னக்காளை கடையில் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, அப்பா எல்லாவற்றையும் சொன்னார். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

"அப்ப நான் அந்தப் பள்ளத்துல வாயைத் தொறந்தா நீங்க காலி."

"ஊருல அப்படித்தான் சொல்றாக."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நானா?" அப்பா தம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார். "இன்னொரு தரம் கூப்பிடச் சொல்றேன்."

"பைத்தியமா உங்களுக்கு?" என்றாள் அம்மா. ஆனால் கோபப்பட்டவளாக எழுந்துபோகவில்லை. அப்படி ஒரு முகத்தோடு தன்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை என்று பிற்பாடு சொல்வாள்.

வேறு போக்கிடம் இல்லாததால் ஊர் அவளை இருக்கவிட்டது, ஒரு நிபந்தனையோடு: பள்ளத்துக்குள் வாய் திறக்கக்கூடாது. பூசாரி கற்பூரத்தின்மேல் சத்தியம் வாங்க வந்தார். "சத்தியமெல்லாம் பத்தாது பூசாரி, வாய்க்குப் பூட்டு வேணும்" என்று சொல்லிவிட்டு அம்மா ஒரு காரியம் செய்தாள். பள்ளத்தங்கரையில் இருந்த தண்ணீர்ப் பானையில் ஒரு மடக்கு மொண்டு வாயில் ஊற்றிக்கொண்டாள், விழுங்காமல் இறங்கினாள், கன்னம் உப்ப உட்கார்ந்து ஜல்லி உடைத்தாள், மேலே ஏறிவந்தபின்தான் அதைத் துப்பினாள். கீழே இறங்குகிற ஒவ்வொரு தரமும் அப்படித்தான். அவள் துப்புகிற இடத்தில், வெறும் பாறையும் ஒரு கைப்பிடி மண்ணுமாக இருந்த விளிம்பில், ஒரு வேப்பங்கன்று தலைகாட்டியது. வாயில் சூடேறிய தண்ணீரைக் குடித்து அது நெட்டையாக, நேராக, அவளைப்போலவே பிடிவாதமாக வளர்ந்தது. ஏறியதும் அதன் தலையைத் தடவிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள். ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். பகலெல்லாம் அடைபட்டுக் கிடந்தது அத்தனையும் கொட்டும். அதைக் கேட்க அப்பாவுக்கு இரண்டு காது போதவில்லை.

உள்ளே இருக்கும்போது சுத்தியல்தான் பேச்சு. அவள் டொக் டொக் என்று இரண்டு தட்டித் தயங்குவாள்; பாறைமேல் குழி அடிக்கிற அப்பா தன் சம்மட்டியால் ஒன்று போட்டு முடித்துவைப்பார். முதலில் அவர்கள் இருவர்தான். நாளாக ஆக மற்றவர்களும் அந்தத் தாளத்துக்குள் வந்துவிட்டார்கள். அவள் தயங்குகிற இடத்தில் எல்லாருமே தயங்கி, அப்பாவின் ஒற்றை அடிக்காகக் காத்திருந்தார்கள். அவர் கொஞ்சம் தாமதித்தால், "அட போடுய்யா, கையி நிக்குதுல்ல" என்று யாராவது கத்துவார்கள். அதுவும் முந்தியே கேட்டிருக்கும்.

பள்ளத்துக்கு வெளியிலும் அம்மா அந்தப் பெயரைச் சொல்வதில்லை. வாய் பழகிவிட்டால் உள்ளேயும் வந்துவிடுமே என்ற பயம். "இந்தாங்க" என்பாள், "திரிக்காரரே" என்பாள், யாரோ "மேஸ்திரி கொட்டகையில ஆரு இருக்கா?" என்று கேட்டதற்கு, "அவுகதான்" என்றாள். அவளோடு மேலே ஏறிவந்திருந்த ஜல்லி உடைக்கிற பெண்கள் கைச்சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"ஏண்டி பூரணம், தாலி கட்டினபெறகுதான் நாங்கள்லாம் புருசன் பேரைச் சொல்லாம இருக்கோம். நீ அதுக்கு முன்னாடியேவா?"

அம்மா அன்று வாயில் தண்ணீர் இல்லாமலேயே பேசாமல் இருந்தாள். பெயரைச் சொல்லாமல் இருந்து இருந்தே தான் அவருக்குப் பெண்டாட்டி ஆகிவிட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊருக்கு அது எப்போதோ உறைத்திருந்தது.

மேஸ்திரி ஒரு நாள் இருவரையும் உட்காரவைத்தார். "கட்டிக்கங்க. ஆனா இங்க வேணாம். கடல் பக்கமாப் போயிருங்க. அங்க பாறையும் கிடையாது, பள்ளமும் கிடையாது. அந்தச் சத்தம் வர்றதுக்கு எடமே இல்லாமப் பண்ணிப்புடுவோம்."

"பள்ளம் சொன்னா சொன்னதுதானே மேஸ்திரி?" என்றார் அப்பா.

"வாயை மூடு. நீ போனா எனக்கு யாரு கொள்ளி வைக்கிறது?" பெற்ற பிள்ளையில்லாத அந்த மனிதர் அதைச் சொல்லிவிட்டு, பல்வலிபோல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா போகலாம் என்றாள். தண்ணீரை வாயில் வைத்து வைத்து அவளுக்குப் பயம் வயிறுவரை இறங்கியிருந்தது. "உங்க பேரு எந் தொண்டைக்குள்ளயே நிக்குது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மேல வருது. போயிருவோம்" என்று அழுதாள். அப்பா தலையாட்டினார். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்குப் போவதென்றும், அதற்கு முன்னால் கிடக்கிற வெடியை மட்டும் முடித்துக்கொடுத்துவிடுவதென்றும் ஆனது.

வியாழக்கிழமை தண்டவாளம் அடித்தது. எல்லாரும் மேலேறினார்கள். அப்பா திரியைப் பற்றவைத்துவிட்டு ஏறிவந்தார், வெடி வெடித்தது, புகை அடங்கியது, மறுபடி தண்டவாளம் அடித்ததும் எல்லாரும் இறங்கினார்கள். மேஸ்திரியும் இறங்கினார். அப்பாவுக்குக் கடைசி நாள் என்று சின்னக்காளையும் கெட்டிலோடு கீழேயே போய்விட்டார். அப்பா சுவரையொட்டி நின்று, உடைந்த பாறையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா கடைசியாக இறங்கவேண்டியவள். பானையில் மொண்டு, வாயில் ஊற்றிக்கொண்டு, இனி இதற்கு யார் தண்ணீர் விடுவார்கள் என்று கன்றைத் திரும்பிப் பார்த்தாள்.

கன்று தலைகுனிந்து நின்றது.

காற்று இல்லை. தினம் தடவிப் பழகிய செடி; அது எந்தப் பக்கம் எவ்வளவு நிமிர்ந்திருக்கும் என்று அவள் உள்ளங்கைக்குத் தெரியும். கீழிருந்து யாரோ கூப்பிட்டதுபோல அது பள்ளத்தை எட்டிப் பார்த்தது, அவள் பார்க்கப் பார்க்க இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அதன் காலடியில் மண் வாய் பிளந்து, பாறைமேல் ஒரு கோடு, தலைவகிடு எடுத்த மாதிரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியிருந்தது. சுவர் மொத்தமும் சாய்கிறது. அதன் கீழேதான் அத்தனை பேரும். அதன் கீழேதான் அவர்.

தண்டவாளம் எதிர்க்கரையில் தொங்கியது. சுற்றிக்கொண்டு ஓடி எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் அது. சத்தம் வருவதற்கு இடம் இருந்தது, நேரம் இருந்தது, அவள் தொண்டை இருந்தது. வாயைத் திறந்தால் தன் கையாலேயே அவரைக் கொன்றதாகும். திறக்காவிட்டால் அந்தச் சாவைக் கன்னம் உப்ப நின்று வேடிக்கை பார்த்ததாகும். அத்தனை நாள் விழுங்காத தண்ணீரை அம்மா விழுங்கினாள்.

"சங்கிலீ..."

எதிர்ப்பாறை சும்மா இருந்தது.

உள்ளே இருந்தவர்கள் அன்று வேறு எந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தாலும், "ஓடுங்க" என்று கேட்டிருந்தாலும், "பாறை விழுது" என்று கேட்டிருந்தாலும், அது வர்ற சத்தம், இன்னும் நேரம் கெடக்கு என்று பீடியைத்தான் பற்றவைத்திருப்பார்கள். ஆனால் இந்தச் சத்தம் முன்னாலேயே வந்துபோன சத்தம். இது இரண்டாம் தரம் வந்தால் அது பாறையின் குரல் இல்லை, அவள் குரல். வரப்போவது இல்லை, வந்துவிட்டது. வருசக்கணக்காக ஒவ்வொருவர் எலும்பிலும் தங்கிப்போன சத்தம் அது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, என்ன ஏது என்று கேட்கவில்லை. அன்றைக்குச் சோற்று வாளிகளை விட்டுவிட்டு எப்படி ஓடினார்களோ, அப்படியே சம்மட்டியை விட்டு, சுத்தியலை விட்டு, சின்னக்காளை கெட்டிலை விட்டு, ஏறுபாதையில் ஓடினார்கள்.

அப்பா எல்லாரையும் முந்தி ஓடினார், தப்பிக்க இல்லை, கூப்பிட்ட இடத்துக்கு. கோட்டுக்கு அந்தப்பக்கம், பள்ளத்தோடு போகப்போகிற பக்கம், காலை அகட்டி நின்றுகொண்டு, மூச்சு விடாமல் இன்னும் அந்த 'லீ'யைப் பிடித்துக்கொண்டிருந்தாள் அம்மா. மணிக்கட்டைப் பற்றி இழுத்தார். இருவரும் இந்தப்பக்கம் விழுந்தபோது வேப்பங்கன்று முதலில் போனது, அதன் பின்னால் கரை போனது, அதன் பின்னால் பள்ளத்தின் பாதி போனது.

தூசி அடங்க வெகுநேரம் ஆயிற்று. மேஸ்திரி தடவித் தடவி ஆட்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். ஒரு தலையும் குறையவில்லை.

அந்த அமைதியில் சின்னக்காளைதான் முதலில் கத்தினார்: "என் கெட்டில் போச்சேய்!"

கத்தி முடித்து, எல்லாரும் அவரைப் பார்த்தபிறகு, கீழே கல்லும் தூசியுமாகக் கிடந்த பள்ளத்திலிருந்து சாவகாசமாகப் பதில் வந்தது. "போச்சேய்..."

அதைக் கேட்டதும் மேஸ்திரி தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். பூசாரி மட்டும், "நானும் அதைத்தான சொன்னேன், சாவு சம்பந்தப்பட்ட சத்தம்னு" என்று யாரிடமோ விளக்கிக்கொண்டிருந்தார். அம்மாவால் நிறுத்தமுடியவில்லை. தொண்டைக்குள் அத்தனை நாள் கிடந்தது ஒரு தரம் கூப்பிட்டால் தீருமா? சங்கிலி, சங்கிலி என்று மெல்லமாக, தூசி அப்பிய அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"கேக்குது புள்ள" என்றார் அப்பா. "இங்கதான் இருக்கேன்."

வெள்ளிக்கிழமை பஸ் அவர்கள் இல்லாமல் போனது. தாலி கட்டி முடிந்ததும், புருசன் பெயரை இனிச் சொல்லக்கூடாது என்று யாரோ ஒரு கிழவி எடுத்துச் சொல்லப்போக, ஜல்லி உடைக்கிற பெண்கள் எல்லாரும் சேர்ந்து அவளை உட்காரவைத்தார்கள். "அவ சொல்லட்டும். அவ சொன்னதாலதான் நாம இங்க பந்தியில உக்காந்திருக்கோம்." ஆமைக்குன்றில் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே பெண் என் அம்மாதான். தெருமுனைவரை கேட்கும்படி கூப்பிடுவாள், உப்பு வாங்கிவரச் சொல்வதற்குக்கூட.

பள்ளத்தில் அதன்பின் வேலை நடக்கவில்லை. மழை வந்து நிறைந்து, குளமானது. எதிரொலி எல்லா ஊரிலும்போல் பின்னால்தான் வந்தது. அப்புறம் நான் பிறந்தேன், பேசாமல் வளர்ந்தேன். நாலு வயசு ஆகியும் ஒரு சொல் இல்லை. அம்மா வாயில் தண்ணீரை அடைத்து வைத்த தோஷம் பிள்ளையின் வாயைக் கட்டிவிட்டது என்று ஊர் சொன்னது. அம்மா வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு அலைந்தாள், கோயில் கோயிலாக மணி வாங்கிக் கட்டினாள். அப்பா ஒருத்தர்தான் கவலைப்படவில்லை. "பேசும், பேசும். ஒண்ணும் அவசரமில்ல" என்பார். அம்மாவுக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வரும்.

ஒரு காலை வேளையில் அப்பா பள்ளத்துத் தண்ணீரில் கழுத்தளவு இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தார், முதுகு எங்கள் பக்கம். கரையில் அம்மா துணி கசக்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து விளிம்புக்குப் போனேன். எனக்கு நினைவிருக்கிற முதல் காட்சி அதுதான்: தண்ணீருக்கு மேலே ஒரு தலை, அது என்னைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது.

"அப்போவ்" என்றேன்.

அம்மா கையிலிருந்த துணி தண்ணீருக்குள் நழுவியது. எதிர்ப்பாறை அதை வாங்கி, மெல்ல, "அப்போவ்" என்று திருப்பித் தந்தது. அப்பா அசையாமல் நின்றார். ஊரெல்லாம் வாளிகளைப் போட்டுவிட்டு ஓடிய அந்த மத்தியானம், தான் மட்டும் பிந்தி ஏறியது ஏன் என்று பிறகு அவர் எங்களுக்குச் சொன்னார். அந்தப் பெண்குரலுக்குப் பின்னால், ஆளில்லாத பள்ளத்தில், இன்னொரு சின்னக் குரலும் "அப்போவ்" என்று ஒரே ஒரு தரம் வந்திருக்கிறது. யாரை, எவர் பெற்ற பிள்ளை கூப்பிட்டது என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது. கேட்டு வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அவர் மெதுவாகத் திரும்பினார். முகம் நனைந்திருந்தது, குளித்ததால்தான் என்று அம்மா இன்றைக்கும் சாதிப்பாள்.

"வந்துட்டியா ஆத்தா" என்றார். "எம்புட்டு நாளா உன்னையத் தேடுறேன்."